இடது கையில் இருந்த பீஸ்

அந்த அக்கா ஒரு வீட்டுக்குள் வந்தால் முதலில் செய்வது, இடது கைச் சட்டையைத் தோள் வரைக்கும் சுருட்டி விடுவதுதான். இருக்கச் சொன்னால் பிறகுதான் இருப்பார். தேத்தண்ணி கொடுத்தால், "முதல் அவா குடிக்கட்டும்" என்று வீட்டுக்காரியைக் காட்டுவார். வீட்டுக்காரி என்றால் எப்போதும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்தான். அப்படியான வீடுகளுக்குத்தான் அவர் போவார். எங்கள் பக்கத்தில் அதற்கென்ன பஞ்சமா?

சுருட்டிய கையில், முழங்கைக்கு மேலே, சின்னதாக ஒரு பழைய தழும்பு இருக்கும். அதற்குக் கீழே உள்ளுக்குள் ஒரு கட்டி. அந்தத் தாயின் கையைப் பிடித்து இழுத்து அதன்மேல் வைப்பார்.

"தொட்டுப் பாருங்கோ. நல்லா அமத்திப் பாருங்கோ, பரவாயில்லை. இது பீஸ். என்ர பிள்ளையைக் கொண்டுபோன அதே ஷெல்லின்ர பீஸ். எனக்கும் அவனுக்கும் ஒண்டாத்தான் பட்டது. எறும்பு கடிச்ச மாதிரி இருந்தது. அவ்வளவுதான். சத்தியமா நோகேல்லை அம்மா."

ஷெல் வெடித்துப் பறக்கிற இரும்புத் துண்டை நாங்கள் பீஸ் என்போம். வன்னியில் கன பேருடைய உடம்பில் அது இன்னும் கிடக்கிறது. எடுக்கப் போனால் நரம்பு போய்விடும் என்று டொக்டர்மார் அப்படியே விட்டுவிட்டவை. அதனால் இங்கே ஒருவருக்கு ஒரு கட்டி வந்தால், அது என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. பீஸ், வேறென்ன என்று விட்டுவிடுவோம்.

நான் அவரை முதலில் கண்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அது என் முன்வீட்டில். அந்த வீட்டு அம்மா கடைசிச் சண்டையில் மகனை இழந்தவர். தண்ணீர் எடுக்கப் போன பெடியன் திரும்பி வரவில்லை. வருடக்கணக்காக அவரிடம் ஒரே கேள்விதான்: "பிள்ளைக்கு நொந்திருக்குமோ?" ஐயரிடம் கேட்டார், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார், என்னிடம் காணும் நேரமெல்லாம் கேட்டார். நான் தாதி. அதுவும் அந்தக் கடைசி மாதங்களில் பள்ளிக்கூட மேசைகளில் காயக்காரரைக் கிடத்தி, மருந்தில்லாமல் துணி கட்டிய தாதி. "உடன போயிருப்பான் அம்மா, ஒண்டும் தெரிஞ்சிருக்காது" என்பேன். அவர் என் முகத்தை ஒருதரம் பார்ப்பார். பிறகு "நீங்கள் நல்ல பிள்ளை" என்று எழும்பிப் போய்விடுவார். நம்பவில்லை என்பதை மரியாதையாகச் சொல்கிற விதம் அது.

யாரோ சொல்லி, பூநகரிப் பக்கமிருந்து பஸ் ஏறி இந்த அக்கா அவரிடம் வந்தார். வந்தவர் கையைச் சுருட்டியதும் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. இதென்ன, செத்த வீட்டில் காட்சியா என்று வாய்க்குள் புறுபுறுத்தேன். ஆனால் அம்மா அந்தக் கட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். "மெய்யே பிள்ளை? மெய்யே?" என்று கேட்டார். "ஓமம்மா, எனக்குப் பட்டதுதானே, எனக்குத் தெரியாதோ?" என்றார் அக்கா. அன்று பட்டப்பகலில் அம்மா குசினி வாசலில் பாயைப் போட்டுப் படுத்தார். பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அசையவில்லை. எனக்குப் பயம் வந்து போய் மூச்சிருக்கிறதா என்று பார்த்தேன். நித்திரை. நல்ல நித்திரை.

அதற்குப் பிறகு நான் அந்த அக்காவோடு ஒட்டிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிரஷர் கிளினிக்குக்கு மாதம் ஒருதரம் ஆஸ்பத்திரிக்கு வருவார். நான் வேலை செய்தது கட்டிகளுக்குள் மெல்லிய ஊசியை விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, கண்ணாடித் தட்டில் பூசிப் பரிசோதிக்கிற அறையில். கதவுக்குள் தலையை நீட்டி, "என்ன ஊசி மிஸ், இண்டைக்கு ஆரார் அம்பிட்டவை?" என்பார். "நீங்கள்தான் அடுத்தது" என்றால், "என்னைக் குத்தி என்ன செய்யப்போறியள்? எனக்குள்ள இரும்பு, உங்கட ஊசி வளைஞ்சு போடும்" என்று சிரிப்பார்.

ஆடு வளர்த்தார். மீள்குடியேறியபோது கிடைத்த இரண்டு ஆடுகள் பெருகி ஒரு பட்டியாகியிருந்தன. ஆடுகளைக் காக்க நாய்களும் வைத்திருந்தார். ஆட்டுக்கதை தொடங்கினால் பஸ் போய்விடும். வாயும் லேசுப்பட்டதில்லை. ஒருமுறை ஒரு செத்த வீட்டில், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் தாயைத் தேற்றுவதாக நினைத்து, "கடவுள் தன்னட்டக் கூட்டிக்கொண்டு போட்டார்" என்று சொல்லிவிட்டார். அக்கா திரும்பினார். "கூட்டிக்கொண்டு போறதெண்டால் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே ஐயா. ஏன் அவர் ஷெல் அடிச்சவர்?" என்றார். மனுசன் செருப்பைத் தேடினார். கடவுள், விதி, தியாகம் என்று யார் எதைச் சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது. ஒரு தாய்க்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்லத் தன்னால்தான் முடியும் என்பது அவருடைய எண்ணம். உண்மையும் அதுதான். எங்களில் யார் அதைச் சொல்ல முடியும்? செத்தவர்கள் வந்து சொல்வதில்லை. உயிரோடு இருக்கிற நாங்கள் அந்த ஷெல்லை உடம்பில் வாங்கவில்லை. அவர் இரண்டுக்கும் நடுவில் நின்றார்.

கடைசிச் சண்டை முடிந்த வைகாசி மாதம் பிறந்தால் அவருக்கு ஓய்வில்லை. பளையிலிருந்து கூப்பிடுவார்கள், கொக்கிளாயிலிருந்தும் கூப்பிடுவார்கள். ஆடுகளைப் பக்கத்து வீட்டில் பொறுப்புக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்பார். "உங்களுக்கு இதால என்ன கிடைக்குது அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். என் வாய் அப்படித்தான், கேட்டுவிடும்.

"ஒவ்வொரு முறையும் சொல்லேக்க எனக்கும் கேக்குதுதானே மிஸ்" என்றார்.

அன்றுதான் தன்னுடைய கதையைச் சொன்னார். பங்கருக்குள் மகனை மடியில் வைத்திருந்தார். ஆறு வயது. இடது கையால் அவனை அணைத்திருந்தார். ஷெல் விளிம்பில் விழுந்தது. புழுதி அடங்கியபோது அவனுக்கு உயிர் இல்லை. அவருடைய கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் வழிந்தது. அந்தக் காயம் தானாக ஆறியது. முகாமிலிருந்து திரும்பி வந்து சில வருடம் கழித்து, தழும்புக்குக் கீழே ஏதோ தடித்திருப்பதைக் கண்டார். பீஸ் உள்ளே இருக்கிறது என்று தெரிந்ததும் தனக்குச் சந்தோசம் வந்ததாகச் சொன்னார். சந்தோசம் என்ற சொல்லைத்தான் சொன்னார். "ஒண்டாப் பட்டது மிஸ். எனக்கு எப்பிடி இருந்ததோ அப்பிடித்தான் அவனுக்கும் இருந்திருக்கும்."

கட்டி வளரத் தொடங்கியது. முதலில் தேசிக்காய் அளவு இருந்தது. பிறகு தோடம்பழம் அளவாகி, சட்டைக்குள்ளால் தள்ளிக்கொண்டு நின்றது. விரல்கள் விறைக்கின்றன, ஆட்டில் பால் கறக்க முடியவில்லை என்றார். நான் கேட்டதும் மூஞ்சியைத் திருப்பினார். "பீஸ் ஊருது. அது ஊரும்."

"இரும்பு ஊரும் அக்கா, வளராது. வாங்கோ டொக்டரட்ட."

"எடுக்கச் சொல்லுவினம்."

"எடுக்காட்டி கை போயிடும். கான்சர் எண்டால் ஆளே போயிடும். பிறகு ஆர் போய் அந்தத் தாய்மாருக்குச் சொல்லுறது?"

அந்த ஒரு சொல்லுக்குத்தான் வந்தார். எக்ஸ்றேயில் இரும்பு இல்லை. "உங்கட மிசின் பழசு" என்றார். பெரிய டொக்டரும், மரச் சிராய், கல் என்றால் எக்ஸ்றேயில் தெரியாமலும் போகலாம் என்று சொல்லிவைத்தார். ஸ்கானில் தண்ணீர்ப் பை ஒன்று தெரிந்தது. ஊசி விட்டுப் பார்க்க என் அறைக்கு அனுப்பினார்கள்.

ஊசி விடுகிற டொக்டர் இளம்பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போகிறவர், கைபதறாத பிள்ளை. "வீட்டில நாய் இருக்கோ அம்மா? ஆடு வெட்டேக்க குடல் ஈரலை நாய்க்குப் போடுறனீங்களோ?" என்று கேட்டார். கோயில் வேள்விக்கு வெட்டும்போது போடுவதுதான் என்றார் அக்கா. டொக்டர் என்னைப் பார்த்து, ஒவ்வாமை வந்தால் ஏற்ற வேண்டிய மருந்தைக் கைக்கெட்டத் தயாராக வைக்கச் சொன்னார். ஏதோ சந்தேகப்படுகிறார் என்று எனக்கு விளங்கியது. சில கட்டித் தண்ணீர் உடம்புக்குள் கசிந்தால் ஆள் அந்த இடத்திலேயே சரிந்துவிடக்கூடும். அதனால் அவர் எடுத்தது எல்லாவற்றிலும் மெல்லிய ஊசி.

நான் எல்லோருக்கும் சொல்வதையே அக்காவுக்கும் சொன்னேன். "பயப்பிடாதேங்கோ. எறும்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்."

"எனக்கே சொல்லுறியள்?" என்று சிரித்தார்.

ஊசி இறங்கியது. அக்காவின் மற்றக் கை என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தது. சத்தம் போடவில்லை. ஊசி வெளியே வந்த பிறகும் கையை விடவில்லை. "நொந்தது மிஸ்" என்றார். வலியைவிட ஆச்சரியம்தான் அவர் குரலில் இருந்தது. "நல்லா நொந்தது."

ஊசிக்குள் வந்தது சீழும் இல்லை, இரத்தமும் இல்லை. தெளிந்த தண்ணீர். டொக்டர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கொஞ்சம் தட்டில் விட்டு நுணுக்குக்காட்டியில் வைத்து, குனிந்தவர் நிமிரவே இல்லை. பிறகு, "மிஸ், வாங்கோ, வாங்கோ, பாருங்கோ" என்று கூப்பிட்டார். நான் கண்ணை வைத்தேன். கொளுக்கி மாதிரி வளைந்த பொடிப் பொடி முட்கள், வட்டமாக அடுக்கினது போலவும் அங்கங்கே சிதறியும் கிடந்தன.

நாயின் குடலில் இருக்கிற ஒரு சின்னப் புழுவின் வேலை அது. அதன் முட்டை கைவழியே வாய்க்குள் போய்விட்டால் மனிதருக்குள் தண்ணீர்ப் பையாக வளரும். கூடுதலாக ஈரலில்தான் வரும். கைத்தசையில் வருவது மிக அரிது. லாப்பில் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அங்கிருந்தும் இங்கிருந்தும் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள், போனில் படம் எடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மருத்துவம் படித்தவர்களுக்கு அது புதினம்தான். நான் மட்டும் கதவைத் திறந்து பார்த்தேன். வெளியே இருந்த மர வாங்கில், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு அக்கா இருந்தார்.

றிப்போட் வந்ததும் டொக்டர்தான் சொன்னார். முகமெல்லாம் மலர்ச்சி. "நல்ல செய்தி அம்மா. கான்சர் இல்லை. இது புழுக்கட்டி. ஒப்பரேசன் செய்து முழுசா எடுத்துப்போட்டு, குளிசை போட்டால் சுகம்."

"பீஸ்?"

"பீஸ் இல்லை அம்மா."

"கட்டிக்குப் பின்னால கிடக்கும். ஒழுங்காப் பாத்தனீங்களோ?"

"எல்லாம் பாத்தாச்சு. உங்களுக்குப் பீஸ் படவே இல்லை. அண்டைக்கு ஏதோ தோலை உரசிக்கொண்டு போயிருக்கு, அவ்வளவுதான். கட்டி அந்த இடத்தில வந்தது தற்செயல். நீங்கள் அதிர்ஷ்டக்காரி." அந்தப் பிள்ளை அன்பாகத்தான் சொன்னது. தான் என்ன சொல்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

அக்கா கனநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, எனக்குப் படேல்லை. அதாலதான் நோகேல்லை."

நான் கதவைச் சாத்திவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"எல்லாம் அவனிலதான் பட்டிருக்கு" என்றார். "நான் இத்தினை வருசமா அந்தச் சனத்துக்கு என்னத்தை மிஸ் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்?"

கான்சர் இல்லை என்று கேட்டு அழுதவர்களைக் கண்டிருக்கிறேன், அது சந்தோச அழுகை. இது வேறு. இவர் அழவும் இல்லை. என்னுடைய அறையிலிருந்து போன றிப்போட்டுகளிலேயே மிக நல்ல றிப்போட் ஒரு மனுசியை இப்படி வெறுமையாக்கியதை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. கூட்டிக்கொண்டு வந்தது நான். கூட்டிக்கொண்டு வராவிட்டால் கை போயிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனாலும் ஆறுதலும் இல்லை.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. பையை உடையாமல் எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது, "வடிவாத் தேடினவையோ?" என்பதுதான். தியேட்டரில் நின்ற நேர்ஸிடம் நானே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். இரும்பு, கல், மரம், ஒன்றும் இல்லை. தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

குளிசைகளை ஒழுங்காகப் போட்டார், கிளினிக்குகளுக்கும் தவறவில்லை. விரல் விறைப்புப் போய்விட்டது. ஆனால் வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கூப்பிட்டு வந்தவர்களிடம் ஆட்டுக்குச் சுகமில்லை என்று சொல்லி அனுப்பினார். ஏன் வருவதில்லை என்று ஆட்கள் என்னிடம் வந்து கேட்டார்கள். ஒப்பரேசன் செய்தவா, களைப்பு என்று சமாளித்தேன். கதவுக்குள் தலையை நீட்டுவதும் நின்றுவிட்டது. வாங்கில் தன் முறை வரும்வரைக்கும் பேசாமல் இருந்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் நானாகப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். "நித்திரை வாறதோ அக்கா?" என்றேன். "ஆடுகள் நித்திரை கொள்ளுது" என்றார்.

இப்போது அவர் வவுனியாப் பக்கம் தங்கையோடு இருக்கிறாராம். ஆடுகளை விற்றுவிட்டாராம். நான் அவரைக் கடைசியாகக் கண்டது ஒரு வைகாசி மாதத்தில், அதே முன்வீட்டில்.

அந்த அம்மா படுக்கையில் விழுந்திருந்தார். சாப்பாடு இறங்கவில்லை. பூநகரிப் பிள்ளையைப் பார்க்க வேண்டும், பூநகரிப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மூன்று நாளாக ஒரே சொல். நான் போன் எடுத்து விசயத்தைச் சொன்னேன். வரச்சொல்லிக் கேட்கவில்லை. கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அடுத்த நாள் காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

உள்ளே வந்தார். சட்டைக் கையைச் சுருட்டவில்லை. கட்டில் விளிம்பில் இருந்தார். அம்மாவின் கை தானாகவே தேடிக்கொண்டு வந்து அவருடைய இடது கையைப் பிடித்தது, துணிக்கு மேலாகத் தடவியது. கட்டி இல்லை. அம்மா பயந்துபோனார்.

"எங்க பிள்ளை அது?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். சொல்லிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்லுகிற ஆள் இல்லை அவர். இத்தனை வீடுகளிலும் அவர் சொன்னதெல்லாம் உண்மை என்று நம்பிச் சொன்னது.

"எடுத்துப்போட்டினம் அம்மா" என்றார்.

"பீஸையோ?"

அக்கா சட்டைக் கையை மெல்லச் சுருட்டினார். ஒப்பரேசன் வெட்டு நீளமாகத் தெரிந்தது.

"ஓமம்மா. பீஸைத்தான்."

"பெரிசோ?"

"இல்லை, சின்னது. நெல்லு மணி அளவு."

"நொந்ததோ பிள்ளை?"

"எடுக்கேக்க நொந்தது. படேக்க நோகேல்லை" என்றார் அக்கா. குரல் ஒரு துளியும் பிசகவில்லை. "சத்தியமா நோகேல்லை அம்மா."

அம்மா கண்ணை மூடினார். முகம் இளகியது. அக்கா அவருக்குச் சோற்றுக் கஞ்சியை இரண்டு வாய் பருக்கிவிட்டு எழும்பினார்.

பஸ் எடுக்குமிடம் வரைக்கும் நானும் நடந்தேன். வெயில் கொளுத்தியது. தரிப்பிடத்துக்கு வந்ததும் நின்றார்.

"மிஸ், ஆருக்கும் சொல்லாத ஒண்டு. ஷெல் விழுந்த உடன எனக்குக் காது அடைச்சுப்போச்சு. ஒண்டும் கேக்கேல்லை. புழுதி அடங்கிப் பாக்கேக்க அவன்ர வாய் திறந்தபடி இருந்தது. ஏன் திறந்திருக்கெண்டு நான் யோசிக்கவே இல்லை. பீஸ் கையில இருந்த வரைக்கும் அது தேவைப்படேல்லை." என் கையைப் பிடித்தார். "நீங்கள் அந்த நாளில எத்தினை பிள்ளையளைப் பாத்தனீங்கள். சொல்லுங்கோ. கத்தியிருப்பானோ?"

அந்தப் பள்ளிக்கூட மேசைகள் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"இல்லை அக்கா" என்று தொடங்கினேன். "உடன போயிருப்பான், ஒண்டும் தெரிஞ்…"

"அதை நான் இப்பதானே சொல்லிப்போட்டு வாறன் மிஸ்" என்றார். "எனக்கு வேற ஏதும் சொல்லுங்கோ."

பஸ் வருமட்டும் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.